விசிறி சுற்றினால் போதுமா?

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைகளில் இந்தச் சோதனையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். மதர்போர்டில் செருகும் பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சின்னக் கம்பித் துண்டால் இணைப்பார். சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றும். "எஸ்.எம்.பி.எஸ். நல்லாத்தான் இருக்கு சார், வேற எங்கயோ கம்ப்ளெய்ன்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

என் வீட்டுக் கம்ப்யூட்டரின் பெட்டியும் ஒருமுறை இந்தச் சோதனையில் தேறி வந்தது. கட்டுரை தட்டும்போதும் பாட்டுக் கேட்கும்போதும் ஒழுங்காக ஓடும். வீடியோ ஒன்றை வெட்டி ஒட்டி முடித்து, கோப்பாக மாற்றக் கொடுத்தால் சில நிமிடங்களில் அணைந்து, தானே மறுபடி எழும். ராம் மாற்றினோம். விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். கடைசியில் நண்பரிடம் இரவல் வாங்கிய வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பொருத்தினோம். அன்றோடு குறை தீர்ந்தது. தேறியதாகச் சொல்லப்பட்ட பெட்டியில்தான் கோளாறு இருந்திருக்கிறது.

அந்த மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவர் செய்த சோதனை அவ்வளவுதான் சொல்லும். பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்ப்பது பெட்டிக்கு 'எழுந்திரு' என்று கட்டளை இடுவது. அது எழுந்து ஒரு விசிறியைச் சுற்றுகிறது. விசிறி கேட்பதோ இரண்டு வாட் அளவு மின்சாரம். மூட்டை தூக்க ஆள் எடுக்கும்போது, அவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வேலைக்குச் சேர்த்துக்கொள்வது எப்படியோ, அப்படித்தான் இதுவும். மூட்டையை முதுகில் ஏற்றிப் பார்த்தால்தான் முழங்கால் நடுங்குகிறதா என்று தெரியும். இந்த அத்தியாயத்தில் ஒரு மலிவு விலைப் பெட்டியின் முதுகில் மூட்டையை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்போம்.

செம்பு செம்பாக இறைத்தல்

முதலில் பெட்டியின் வேலையைப் புரிந்துகொள்வோம். சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். கம்ப்யூட்டருக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் அளவுகளில் ஏற்ற இறக்கம் இல்லாத நேர்மின்னோட்டம். பழைய வால்வு ரேடியோக்களில் இந்த மாற்றத்தைக் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் செய்தது. அதே முறையில் 300 வாட் தர வேண்டுமானால் டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே பல கிலோ எடை இருக்கும்.

கிணற்றில் கமலை ஓட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும். மாடு ஒருமுறை போய் வந்தால் ஒரு பெரிய சால் தண்ணீர். அதே தண்ணீரைச் சின்னச் செம்பாலும் இறைக்கலாம், கை மட்டும் மின்னல் வேகத்தில் போய் வர வேண்டும். சுவரின் மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறுகிறது, அது சால். எஸ்.எம்.பி.எஸ். அந்த மின்சாரத்தை முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக்கி இரண்டு பெரிய கெபாசிட்டர்களில் சேர்த்து வைக்கிறது. பிறகு டிரான்சிஸ்டர்கள் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகின்றன. ஒவ்வொரு தடவையும் போவது ஒரு செம்பு. ஆனால் செம்புகள் பல்லாயிரம்.

1977-ல் வந்த ஆப்பிள் II கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்தது இப்படிப்பட்ட பவர் சப்ளைதான். 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் பெட்டி தந்தது வெறும் 63.5 வாட். 1995-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுகோல், எந்த நிறுவனத்தின் பெட்டியும் எந்தக் கம்ப்யூட்டரிலும் பொருந்தும் நிலையை உண்டாக்கியது. மலிவு விலைப் பெட்டிகளுக்குப் பெரிய சந்தை திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அளவும் துளையும் கனெக்டரும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

லேபிளில் ஒளிந்திருக்கும் வரி

எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய முதல் சோதனை, பெட்டியின் பக்கவாட்டு லேபிளைப் படிப்பது. '450 வாட்' என்று பெரிதாக அச்சிட்ட ஒரு பெட்டியின் லேபிளில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: 12 வோல்ட்டில் 18 ஆம்பியர், 5 வோல்ட்டில் 28 ஆம்பியர், 3.3 வோல்ட்டில் 22 ஆம்பியர், எதிர் 12 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், காத்திருப்பு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர். ஒவ்வொன்றையும் பெருக்குங்கள். முறையே 216, 140, 72.6, 6, 10 வாட். கூட்டினால் 444.6. எனவே 450 என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

இதில் நமக்கு உதவுவது எவ்வளவு? 1990-களின் கம்ப்யூட்டர்கள் 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் அதிகம் தின்றன. பிராசஸர்களின் பசி வளர்ந்ததும், அவற்றுக்கான மின்சாரத்தை 12 வோல்ட்டில் கொண்டுவந்து மதர்போர்டிலேயே குறைத்துக்கொள்ளும் முறை வந்தது. இன்று பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் 12 வோல்ட்டைத்தான் நம்பியிருக்கின்றன. ஆகவே நம் '450 வாட்' பெட்டி இன்றைய கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் 216 வாட் பெட்டிதான். 170 வாட் கேட்கும் ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டையும் 65 வாட் வகுப்புப் பிராசஸர் ஒன்றையும் இதில் பூட்டினால் அப்போதே கணக்கு 235-ஐத் தொட்டுவிடும். மதர்போர்டும் ஹார்டு டிஸ்கும் இன்னும் கணக்கில் சேரவில்லை. தரமாகக் கட்டிய புதிய பெட்டிகளின் லேபிளில் 12 வோல்ட் வரி மட்டுமே மொத்த வாட்டுக்கு அருகில் வரும். லேபிளில் முதலில் தேட வேண்டிய எண் அதுதான்.

சுமை ஏறட்டும்

லேபிள் சொல்வது உண்மைதானா என்று பார்க்கச் சுமை வேண்டும். பெரிய ஆய்வகங்களில் இதற்கென்று எலக்ட்ரானிக் லோடு இருக்கிறது. எத்தனை ஆம்பியர் என்று எண்ணைத் தட்டினால் அதைச் சரியாக இழுத்து வெப்பமாக்கிவிடும். தைவானின் குரோமா நிறுவனக் கருவிகள் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. அந்த வசதி இல்லாதவர்கள் கார் ஹெட்லைட் பல்புகளைப் பயன்படுத்துவதுண்டு. 12 வோல்ட், 55 வாட் ஹாலஜன் பல்பு ஒன்று சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். நான்கு பல்பு எரிந்தால் 220 வாட்.

பல்புக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழையின் மின்தடை, அது வெள்ளையாகக் கனலும்போது இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். எனவே சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில் 4.6 ஆம்பியருக்குப் பதில் அதைப்போல் பல மடங்கு பாய முயலும். நான்கையும் ஒரே சமயத்தில் இணைத்தால் நல்ல பெட்டிகூடத் தற்காப்புக்காக நின்றுவிடலாம். ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் சிவப்பு முனையை மஞ்சள் ஒயரிலும் வைத்துக்கொண்டு முதல் பல்பை இணைப்போம். மஞ்சள் என்றால் 12 வோல்ட், சிவப்பு ஒயர் 5, ஆரஞ்சு 3.3. ஏடிஎக்ஸ் அளவுகோலின் பொதுவான வரம்பு ±5 சதவீதம். 12 வோல்ட் ஒயர் 11.40-க்கும் 12.60-க்கும் இடையிலும், 5 வோல்ட் ஒயர் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் நிற்க வேண்டும். இரண்டாவது பல்பு, மூன்றாவது பல்பு என்று ஏற ஏற மீட்டரில் எண் மெல்ல இறங்கும். எவ்வளவு இறங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதுதான் பெட்டியின் பரீட்சை.

இந்த இடத்தில் மலிவுப் பெட்டியின் ஒரு விசித்திரம் தெரியவரும். சுமை ஏற்றியது 12 வோல்ட்டில். ஆனால் யாரும் தொடாத 5 வோல்ட் மேலே ஏறும். காரணம், செலவைக் குறைக்க இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டுச் சுற்று கவனிக்கிறது. அது இரு அளவுகளின் கலவையை மட்டும் பார்க்கிறது. 12 சரிந்ததும் 'இன்னும் தள்ளு' என்கிறது. இரண்டு சுருள்களும் ஒரே இரும்பு உள்ளகத்தில் சுற்றப்பட்டவை என்பதால் 5-ம் சேர்ந்து உயர்கிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று தள்ளாடினால் மற்றதும் வரப்பில் ஏறுவதுபோல. சற்று விலை கூடிய பெட்டிகளில் 12 வோல்ட்டை மட்டும் முதன்மையாக உண்டாக்கி, அதிலிருந்து தனித்தனிச் சிறு சுற்றுகளால் 5-ஐயும் 3.3-ஐயும் எடுக்கிறார்கள். அங்கே ஒன்றின் சுமை மற்றதைப் பெரிதாக அசைக்காது.

ஒயரின் தடிமனும் இதே சோதனையில் பிடிபடும். 18 கேஜ் செப்பு ஒயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.021 ஓம். 22 கேஜ் மெல்லிய ஒயருக்கு அது 0.053. அரை மீட்டர் நீள ஒயரில் 8 ஆம்பியர் போய்த் திரும்பினால் தடித்த ஒயரில் இழப்பு 0.17 வோல்ட், மெல்லியதில் 0.42 வோல்ட். நமக்கு அனுமதிக்கப்பட்ட சரிவே 0.6 வோல்ட்தான். அதில் பெரும்பங்கை மெல்லிய ஒயர் மட்டுமே விழுங்கிவிடுகிறது. சோதனையின்போது ஒயர் கைக்குச் சுடுகிறது என்றால் அந்த இழப்பைத்தான் தொட்டு உணர்கிறீர்கள்.

மல்டிமீட்டர் காணாதது

மீட்டரில் 11.9 என்று நிலையாக நிற்கிறது. நல்ல பெட்டி என்று முடிவுகட்டிவிடலாமா? மல்டிமீட்டர் சராசரியைக் காட்டும் கருவி. அந்த 11.9-க்குள் நொடிக்குப் பல்லாயிரம் முறை எழுந்து விழும் சிற்றலை அதன் கண்ணில் படாது. செம்பு செம்பாக இறைத்த தண்ணீர் தொட்டியில் விழும்போது எழும் அலை அது. அந்த அலையை அடக்கத்தான் வெளிவாசலில் சுருள்களும் கெபாசிட்டர்களும் இருக்கின்றன.

அலையைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். அளக்கும் முறைக்கும் விதி உண்டு. கருவியின் அதிர்வெண் எல்லையை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்து, அளக்கும் முனையில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றையும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றையும் இணைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அறையில் அலையும் வானொலி இரைச்சல் எல்லாம் பெட்டியின் கணக்கில் சேர்ந்துவிடும். அலையின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5-லும் 3.3-லும் 50 மில்லிவோல்ட் வரை பொறுக்கலாம் என்கிறது ஏடிஎக்ஸ்.

விலை குறைப்பு முதலில் கைவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. சர்க்யூட் போர்டில் சுருளுக்கு என்று இடம் அச்சிட்டிருக்கும். அங்கே ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். 2,200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1,000 இருக்கும். சும்மா இருக்கும்போது அலை சிறியது, சுமை ஏறினால் பெரிதாகும். அந்த அலையைத் தாங்கிச் சமன்செய்யும் சுமை மதர்போர்டின் கெபாசிட்டர்கள் மேல் விழுகிறது. அவை சூடேறி, நாளடைவில் தலை உப்பிச் செத்துப்போகின்றன. 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்டுகளையும் எஸ்.எம்.பி.எஸ்.களையும் சாகடித்தது பழைய மெக்கானிக்குகள் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டினால்

கரண்ட் ஒரு கணம் நின்றால் பெட்டி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனைக்கு நம் ஊர் வீடுகளில் தனி அர்த்தம் உண்டு. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த இடைவெளியில் டியூப்லைட் ஒரு சிமிட்டுச் சிமிட்டும். அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் உயிரோடு இருப்பது உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கெபாசிட்டர்களின் சேமிப்பால்தான்.

இதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். பெட்டி சுவரிலிருந்து 350 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது. கெபாசிட்டர்கள் 325 வோல்ட்டிலிருந்து 220 வோல்ட் வரை வடியும்வரை சுற்று வேலை செய்யும் என்று கொள்வோம். 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் இரண்டு தொடராக இருந்தால் கிடைக்கும் ஆற்றல் சுமார் 6.7 ஜூல். அது 19 மில்லிவினாடிக்கு வரும். அதே இடத்தில் 220 மைக்ரோஃபாரட் இரண்டு இருந்தால் 3.1 ஜூல், தாங்கும் நேரம் 9 மில்லிவினாடி. ஏடிஎக்ஸ் வழிகாட்டி கேட்பது 80 சதவீதச் சுமையில் 17 மில்லிவினாடி. சுவரின் மின்சாரத்தில் ஒரு முழுச் சுற்று 20 மில்லிவினாடி என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் நியாயம் புரியும். கிட்டத்தட்ட ஒரு சுற்றுக் காணாமல் போனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியக் கூடாது.

இன்வெர்ட்டர் மாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்று சொல்லி இன்வெர்ட்டரை மாற்றியவர்கள் உண்டு. இன்வெர்ட்டரை 'யுபிஎஸ்' நிலையில் வைத்த பிறகும் அப்படி நடந்தால், இந்தக் கெபாசிட்டர் கணக்கையும் சந்தேகப்பட வேண்டும்.

சூடு

அடுத்த சோதனைக்குச் சுவரில் செருகும் வாட்மீட்டர் வேண்டும். உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு? 250 வாட் தரும் பெட்டியின் திறன் 70 சதவீதம் என்றால் அது சுவரிலிருந்து 357 வாட் இழுக்கிறது. 107 வாட் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிறது. திறன் 85 சதவீதமானால் இழுப்பது 294, வெப்பம் 44 வாட். வித்தியாசம் 63 வாட். நாளுக்கு நான்கு மணி நேரம் இப்படி ஓடினால் வருடத்துக்கு 92 யூனிட்.

கரண்ட் பில்லைவிடப் பெரிய இழப்பு ஆயுளில் இருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த வகைக் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. மலிவுப் பெட்டிகளில் 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டருக்குப் பதில் 85 டிகிரி தாங்குவதைப் போடுவார்கள். குளிரூட்டிய அறையில் தேறிய பெட்டி, சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரைக்குக் கீழே மூடிய கேபினெட்டுக்குள் தேறும் என்று சொல்ல முடியாது. சுமையை ஒரு மணி நேரமாவது விடாமல் வைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். என் கம்ப்யூட்டர் அணைந்ததுகூடச் சில நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகுதான்.

2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரை, 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீதத் திறன் இருக்கிறதா என்று பார்க்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பிறகு படிகள் சேர்ந்தன. நல்ல முயற்சி. ஆனால் அது பார்ப்பது பெரும்பாலும் திறனைத்தான். சிற்றலையையோ தற்காப்பையோ அந்த முத்திரை அளப்பதில்லை.

கடைசிச் சோதனை

சொன்னதற்கு மேல் கேட்டால் பெட்டி என்ன செய்கிறது? நல்ல பெட்டி ஒரு வரம்பில் தானே நின்றுவிடும். தற்காப்பு இல்லாத பெட்டி முயன்று முயன்று வெடிக்கும். பெட்டியே போகக்கூடும் என்பதால் இதைக் கடைசியில்தான் செய்வார்கள்.

ஜிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் மாடல்கள் 80 பிளஸ் தங்க முத்திரை பெற்றவை. சுமை ஏற்றிச் சோதித்த கேமர்ஸ் நெக்ஸஸ் போன்ற விமர்சகர்களின் மேசையில் அவற்றில் பல வெடித்துச் செயலிழந்தன. 2021 ஆகஸ்டில் அந்த நிறுவனம், மிகைச்சுமையில் நிற்கும் வரம்பை 120–150 சதவீதத்திலிருந்து 110–120 சதவீதமாகக் குறைத்துவிட்டதாக அறிவித்து, குறிப்பிட்ட வரிசை எண் கொண்ட பெட்டிகளை மாற்றித் தர முன்வந்தது. யாரோ சிலர் மூட்டையை ஏற்றிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லும். நான் சொன்ன உள்விவரங்கள் புரிந்துகொள்வதற்கு. சுமைச் சோதனையையும் பழகியவர்கள் மட்டும் செய்யட்டும்.

வாங்குகிறவர் செய்யக்கூடியவை எளியவை. லேபிளில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். அது மொத்த வாட்டில் பாதிதான் என்றால் கீழே வைத்துவிடுங்கள். இந்தியத் தர அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது பாதுகாப்புக்கான அடையாளம், திறனுக்கு 80 பிளஸ் முத்திரை தனி. அதே மாடலைச் சுமை ஏற்றிச் சோதித்தவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். கடையில் பழுதுக்குக் கொடுத்தால், "லோடு வெச்சுப் பாத்தீங்களாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசஸருக்கும் கார்டுக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருப்பதில் எஸ்.எம்.பி.எஸ். வாங்குவதுதான் நம் வழக்கம். கம்ப்யூட்டரின் மற்ற எல்லாப் பாகங்களும் அந்த ஒரு பெட்டியின் ஒயர்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அடுத்த முறை பட்டியல் போடும்போது அதை முதல் வரியில் எழுதுங்கள்.